பொடி எழுத்து தெரிந்தது, பெற்ற பிள்ளை முகம் தெரியவில்லை

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மைசூர் விஜயநகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். கணவருக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ரயிலில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஒரே மகள், அப்போதுதான் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தாள்.

அதற்கு முந்தைய வருடம் என் கண்ணுக்கு ஒரு கெட்ட காலம். கண்ணை அசைத்தாலே வலித்தது, பிறகு பார்வையே மங்கிப்போனது. நரம்பில் வீக்கம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். பார்வை திரும்பிவிட்டது. சுவரில் மாட்டிய அட்டையைக் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தேன். ஆறுக்கு ஆறு, கண்ணாடிகூட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத்தான் இல்லை.

துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன சேலை மாதிரி உலகமே சாயம் போய்க் கிடந்தது. பீங்கான் கோப்பையில் பால் ஊற்றினால் எதுவரை வந்தது என்று தெரியாமல் மேடையெல்லாம் வழியும். சிமெண்டுப் படி எங்கே முடிகிறது என்று காலால் துழாவித்தான் இறங்குவேன். இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். மகள் முகத்தை எப்படி விடுவது? கிட்டே வந்து நிற்பாள், முகம் இருக்கும். அதில் சிரிப்பா, அழப்போகிறாளா, ஒன்றும் பிடிபடாது. சத்தம் வந்த பிறகுதான் தெரியும். அந்த வயதுக் குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிரிக்கும்! அத்தனையும் எனக்குக் கிடைக்காமலே போய்க்கொண்டிருந்தது. அதை நினைத்து அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

கணவரிடம் சொன்னால், ஆஸ்பத்திரியிலேயே சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்களே, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்பார். அவர்மீது தப்பில்லை. வாரப் பத்திரிகையில் பொடி எழுத்துக் கதையைக்கூட விடாமல் படிக்கிறவளை யார்தான் நம்புவார்கள்?

ஆடி மாசத் தூறலில் ஒரு நாள் மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். வானம் மூடாக்கு, மங்கல் வெளிச்சம். எல்லாக் குழந்தைகளும் ஒரே சாம்பல் நிறச் சீருடை. ஓடி வந்து பக்கத்தில் நின்ற குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு பெண் கன்னடத்தில் கத்திக்கொண்டே ஓடி வந்து அந்தக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். பிள்ளை பிடிக்கிறவளா நீ என்று கேட்டாள். என் மகளோ வாசலிலேயே நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். நான் வேறு குழந்தையோடு போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

இரவு அவர் வந்ததும் மகளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பொடி எழுத்தெல்லாம் படிக்கறே. பெத்த புள்ள மூஞ்சி மட்டும் தெரியாதாக்கும்?"

அந்தக் கேள்வி என்னைக் குத்திக் கிழித்துவிட்டது. ஆனாலும் அந்த வாரமே லீவு போட்டு, மகளையும் தூக்கிக்கொண்டு, என்னை வேறொரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். சின்ன வயசுப் பெண் டாக்டர். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு பெரிய வெள்ளைப் பலகையின் முன்னால் உட்காரவைத்தார். அதில் எழுத்தெல்லாம் ஒரே அளவு, நல்ல பெரிய எழுத்து. மேலே கன்னங்கரேல் என்று இருந்தது, கீழே போகப்போக வெளிறிக்கொண்டே போனது. அவசரப்படாமல் வாசியுங்கள், உற்றுப் பார்த்தால் சிலது மெல்லத் தெரியவரும் என்றார். சில வரி வாசித்தேன். அதற்குக் கீழே வெறும் பலகைதான். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்றே நினைத்தேன்.

டாக்டர் என் கணவரைக் கூப்பிட்டு மீதியை வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்துக்கொண்டே போனார், போனார், நிறுத்தவே இல்லை. எனக்கு வெறுமையாகத் தெரிந்த இடத்தில் அத்தனை எழுத்து இருந்திருக்கிறது! என்னைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார்.

"இதெல்லாமா உனக்குத் தெரியல?" என்றார்.

டாக்டர் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். அச்செழுத்து வெள்ளைத் தாளில் கறுப்பு மை, அதனால் எனக்குத் தெரிகிறது. முகம் அப்படியில்லை. சிரிப்பு என்பது அதே நிறத்தில் விழுகிற லேசான நிழல், அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிரிக்கிற திறன்தான் போய்விட்டது. இத்தனை காலம் கழித்து அது திரும்புவது கஷ்டம், கண்ணாடியாலும் ஆகாது, நல்ல வெளிச்சமும் அடர்ந்த நிறங்களும்தான் துணை என்றார். ஆனால் நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு பலகை சொல்லிவிட்டதே, அதில் ஒரு ஆறுதல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் படி விளிம்பெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். பாலுக்கு அடர் நீலத்தில் கோப்பை வாங்கி வந்தார். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன் வாசல் பல்புக்கு நேராக ஒரு நிமிஷம் நிற்பார். ஏன் நிற்கிறார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் மகள் அப்பா மடியில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள் போல. பெயிண்ட் அடித்த அந்த ஞாயிறு சாயங்காலமே என் முன்னால் வந்து நின்றாள்.

"நோடும்மா, இங்க பாரு, நான் இப்ப சிரிச்சுட்டு இருக்கேன்," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பா சிரிக்கல. உர்ர்னு இருக்காரு," என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர் பக்கென்று சிரித்துவிட்டார். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. பரீட்சையில் தோற்றபோதும் சொன்னாள், கல்யாண மேடையில் குனிந்து என் காதிலும் சொன்னாள். இப்போது எங்கோ தூரதேசத்தில் இருக்கிறாள். போனில் யாருக்கும் யார் முகமும் தெரியாதுதான், ஆனாலும் வைக்கும் முன், "சிரிச்சுட்டுதான்மா இருக்கேன்," என்கிறாள். சில நாள் அது பொய் என்று அவள் குரலே காட்டிக்கொடுத்துவிடும். நான் கண்டுகொள்ளாத மாதிரி, சரிடா கண்ணு என்று வைத்துவிடுவேன். அன்றைக்கெல்லாம், ஒரே ஒரு தடவை அந்த முகத்தைத் தெளிவாகப் பார்த்துவிட மாட்டோமா என்று மனசு கிடந்து தவிக்கிறது.