நல்ல பக்கத்தில் வைத்த காந்தம்

எங்கள் மலைக்குச் செல்போன் வந்த புதிதில் எனக்குப் பக்கவாதம் வந்தது. நாற்பத்திரண்டு வயது. மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் கடை வைத்து மிளகு வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். கால் இரண்டு மாதத்தில் தேறிவிட்டது. இடது கை மட்டும் தொங்கியது. விரல்கள் மூடவே மூடாது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் தலைக்கு வெளியே காந்தம் வைத்து ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி, ராசிபுரத்து டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். என் கணவர் மிரண்டுபோனார்.

"தலையில கரண்டு வெப்பாங்களாம். வேண்டாங் கண்ணு."

"கை எனக்குத்தானுங்க வரோணும். பயமாயிருந்தா நீங்க வெளிய உக்காருங்க" என்றேன்.

அங்கே இருந்த பெண் டாக்டர் தோட்டையும் ஹேர்பின்னையும் கழற்றச் சொல்லி, காதில் பஞ்சு வைத்தார். எட்டு வடிவத்தில் இருந்த கம்பிச் சுருளை என் தலையின் இடது பக்கம் வைத்தார். 'டக்' என்றது. என் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. சிரித்துவிட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது.

"ஏனுங்க டாக்டர், இடது கைக்கு மூளையில வலது பக்கம்னு சொன்னீங்களே. நல்லா இருக்கிற பக்கத்துல ஏன் வெக்கிறீங்க?"

"சரியாக் கேட்டீங்கம்மா. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நரம்புத் தொடர்பு இருக்கு. ஒண்ணை ஒண்ணு அடக்கி வெச்சிருக்கும். உங்களுக்கு வலது பக்கம் அடிபட்டதால, இடது பக்கம் அதை ரொம்பவே அடக்குதுன்னு நினைக்கிறோம். காந்தத்தால மெதுவாத் தட்டிக்கிட்டே இருந்தா இந்த இடது பக்கம் கொஞ்சம் தணியும். அப்ப வலது பக்கம் எழுந்திரிக்குதான்னு பாக்கணும். உறுதியாச் சொல்ல முடியாது."

"எங்க ஊட்டுலயும் அப்படித்தானுங்க. நான் வாயை மூடினாத்தான் அவரு பேசுவாரு."

டாக்டர் சிரித்ததில் சுருள் நகர்ந்துவிட்டது. மறுபடி இடம் பார்த்து வைத்தார்.

கோயம்புத்தூரிலேயே ரூம் எடுத்துத் தங்கி, பத்து நாள் தினமும் போனேன். நொடிக்கு ஒரு 'டக்'. முடிந்ததும் தட்டிலிருந்த மொச்சைக்கொட்டைகளை இடது கையால் டம்ளரில் போட வேண்டும். சில நாள் தலைவலிதான் மிச்சம். எட்டாம் நாள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு கொட்டையைத் தூக்கின. கணவரை உள்ளே கூப்பிட்டேன்.

"இன்னொருக்கா எடு சாமி" என்றார். நாலு தரம் எடுக்க வைத்தார்.

கடைசி நாள் சுருளை வலது பக்கம் வைத்துச் சோதித்தார்கள். முதல் நாள் அங்கே வைத்தபோது அசையாத இடது கட்டைவிரல் இப்போது அசைந்தது.

"தொடர்பு மாறியிருக்கு. காந்தத்தாலயா, பயிற்சியாலயான்னு உங்க ஒருத்தரை வெச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

எனக்குக் கை வந்தால் போதும். அடுத்த மிளகு சீசனில் கடையைத் திறந்துவிட்டேன். சாக்கின் வாயை நானே பிடித்துக்கொள்கிறேன், அவர் கொட்டுகிறார். ஜாக்கெட் கொக்கி மாட்ட மட்டும் இன்னும் அவரைத்தான் கூப்பிடுகிறேன்.