திருப்பத்தில் விட்டுவந்த மாமியார்

உள்ளறையிலிருந்து சத்தம் கேட்டது. புஸ்... புஸ்... புஸ்...

முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"உள்ளே யாரு?"

"யாரும் இல்லை அத்தை. காத்து" என்றாள் பெல்லக்கா.

"காத்துக்கு இப்படி மூச்சு வாங்குமா?" அம்மா தைலம் மணக்கும் இடது தோளைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் இந்த அத்தை கித்தையெல்லாம் வேண்டாம். நான் உனக்கு அத்தையா இல்லையான்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

பெல்லக்காவின் முகம் வெளுத்தது. ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் சட்டைகளைப் பார்த்தாள். ஆணியில் வரிசையாகத் தொங்கிய ஹெல்மெட்டுகளைப் பார்த்தாள். எத்தனையோ மேட்டையும் பள்ளத்தையும் பார்த்த அந்தக் கண்களுக்கு, எதிரே இருந்த ஒரு முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

விடுமுறைக்கு வரும் நகரத்து மனிதர்களைக் கூட்டமாகச் சைக்கிளில் அழைத்துப்போய், ஏரி, மலை, வயல்வெளி எல்லாம் காட்டிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது பெல்லக்காவின் தொழில். ஒரு மணி அடித்தால் பள்ளம், இரண்டு அடித்தால் எதிரே வண்டி, மூன்று அடித்தால் டீ. அதனால்தான் பெல்லக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

இந்த வேலைக்கு அவள் விரும்பி வரவில்லை, வழுக்கி வந்தாள். அப்போது துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மலைச் சரிவில் சைக்கிளின் பிரேக் அறுந்தது. "ஐயோ, வழி விடுங்க!" என்று அலறிக்கொண்டே ஒரு சுற்றுலாக் கூட்டத்தைத் தாண்டி இறங்கினாள். வழிகாட்டியைத் தொலைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டம், இவள்தான் புது வழிகாட்டி போல என்று நினைத்து மொத்தமாகப் பின்னால் வந்துவிட்டது. அவள் வைக்கோல் போரில் போய் விழுந்தாள். அவர்களும் அது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று வரிசையாகப் போய் விழுந்தார்கள். சுற்றுலா நிறுவன முதலாளி தேடி வந்து பார்த்தபோது எல்லாரும் வைக்கோலில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே வேலை.

ஆனால் அவள் தலை எண்ணுவதில் காட்டிய வெறி மட்டும் வேடிக்கையில் வந்ததல்ல. சிறுவயதில் குடும்பத்தோடு ஊர் மாறியபோது, ஒரு பேருந்து நிலையத்தில் அக்கா, "இந்தத் தூண்கிட்டயே நில்லு, நகராதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூட்டை முடிச்சுகளை எண்ணி ஏற்றியவர்கள் பிள்ளைகளை எண்ணவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது அந்தக் குழந்தை தூணைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தது. அழக்கூட இல்லை. அழுதால் நகர்ந்துவிடுவோமோ என்ற பயம்!

அதனால்தான் அவள் கூட்டத்தில் ஒரு சட்டம். ஒவ்வொரு திருப்பத்திலும் தனக்கு அடுத்து வருபவரை நிறுத்துவாள். பின்னால் வருகிறவர்களுக்கு அவர் போகவேண்டிய பக்கத்தைக் கை நீட்டிக் காட்டி நிற்கவேண்டும். எல்லாரும் கடந்தபின், கடைசியாக வரும் ஆள் "வாங்க" என்று அவரை அழைத்துக்கொள்வான். அவன் வரும்வரை இடி விழுந்தாலும் நகரக்கூடாது.

கடைசியாக வரும் அந்த ஆளுக்கு வால் என்று பேர். நல்லவன். பஞ்சர் ஒட்டுவதில் கைராசிக்காரன். மனசில் பயம் வந்தால் மட்டும், காற்று நிறைந்த டயருக்கே மேலும் காற்றடிப்பான்.

இவர்கள் காதல் எப்படி வளர்ந்தது என்பதே ஒரு கொடுமை. அவள் முன்னால், அவன் பின்னால், நடுவே ஒரு கூட்டமே பெருமூச்சு விட்டுக்கொண்டு. ஒரு செய்தி சொல்லவேண்டுமென்றால் ஒவ்வொருவராகச் சொல்லி முன்னே அனுப்பவேண்டும். ஒரு மேட்டில் இப்படித்தான் ஒரு செய்தி வாய் மாறி வாய் மாறி வந்தது. கடைசியில் நாக்குத் தள்ள மிதித்து வந்த ஒரு வங்கி மேலாளர், "அம்மா... பின்னால் வர்றவர்... உங்களைக் கல்யாணம்... பண்ணிக்கலாமான்னு... கேக்கறார். கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்க, எனக்கு மூச்சு முட்டுது" என்றார். பெல்லக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனந்தத்தில் மணியை மூன்று முறை அடித்துவிட்டாள். மொத்தக் கூட்டமும் டீ என்று இறங்கிவிட்டது.

அவனுடைய அம்மாதான் இப்போது நாற்காலி நுனியில் இருப்பவர். தையல் ஆலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். மெஷின்களே அவர் குரலுக்குப் பயந்து ஓடும் என்பார்கள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்தா எல்லாப் பொண்ணும் நல்ல பொண்ணுதான். வேலை செய்யற இடத்துல பார்க்கறேன்" என்று சொல்லி, சைக்கிளோடு முந்தாநாள் பயணத்தில் சேர்ந்துகொண்டார்.

அன்று காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஏரிக்கரைத் திருப்பத்தில் பெல்லக்காவுக்கு அடுத்து வந்தவர் அம்மாதான். சட்டம் சட்டம்தானே? "இங்கேயே நில்லுங்கம்மா. இடது பக்கம் கை காட்டுங்க. வால் வந்து கூப்பிடற வரைக்கும் நகரக்கூடாது." அம்மா நின்றார்.

வால் அந்தப் பக்கமே வரவில்லை.

சாப்பாட்டு விடுதியில் பெல்லக்கா தலை எண்ணினாள். சரியாக இருந்தது. நிம்மதியாக உட்கார்ந்தாள். பிறகு அறிமுகமே இல்லாதவர்கள் சைக்கிளில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வேறொரு நிறுவனத்தின் கூட்டம். அவர்களில் ஒருவர் முன்பே வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார். தலைக்கணக்கு சரியானது அவரால்தான்!

"நீங்க மலைப்பக்கம்தானே போகணும்? இங்கே எப்படி வந்தீங்க?" என்று கேட்டாள் பெல்லக்கா.

"ஏரிக்கரையில ஒரு அம்மா கை காட்டினாங்க. வலது பக்கம்னு நாங்க சொல்லிப் பார்த்தோம். 'இடதுன்னா இடது, போய்க்கிட்டே இரு'ன்னு ஒரே அதட்டல். எங்க வழிகாட்டியே பயந்துபோய்த் திரும்பிட்டார். பால் வண்டிக்காரர்கூட இந்தப் பக்கம்தான் வந்திருக்கார், பாருங்க."

உண்மைதான். வாசலில் பால் வண்டி நின்றது.

பெல்லக்காவுக்கு உலகமே சுற்றியது. தட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைக்குத் திரும்பும் மேட்டை அவள் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. ஏரிக்கரையில் அம்மா நனைந்து நின்றிருந்தார். கை இடது பக்கம் நீண்டபடியே இருந்தது.

"கையை இறக்குங்கம்மா."

"இறங்க மாட்டேங்குது" என்றார் அம்மா.

இது நடந்து இரண்டு நாளாகிறது. கை இறங்கிவிட்டது. கோபம் இறங்கியதா என்பதுதான் கேள்வி.

"இப்போ சொல்லு" என்றார் அம்மா. "என்னை அங்கே விட்டுட்டுப் போனது யார் தப்பு?"

உள்ளே காற்றடிக்கும் வேகம் கூடியது. புஸ் புஸ் புஸ் புஸ்...

"என் தப்புதான்."

"வால் வந்து கூப்பிடும்னு சொன்னியே. அது ஏன் வரல?"

"முன்னால போறவ நான். யார் விட்டுப்போனாலும் என் தப்புதான். தலையை மட்டும் எண்ணினேன், முகத்தைப் பார்க்கல. எண்ணாம விட்டுட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்ச நானே..." அவள் குரல் உடைந்தது. "நீங்க வேண்டாம்னு சொன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவர்மேல மட்டும் கோபப்படாதீங்க."

உள்ளே, டமார்!

ஹெல்மெட்டுகள் ஆணியில் ஆடின. கதவு திறந்தது. முகமெல்லாம் டயருக்குள் தூவும் வெள்ளைப் பவுடரோடு, கையில் கிழிந்த ட்யூபோடு வால் நின்றான்.

"காத்து வெளியே வந்துடுச்சு போலிருக்கே" என்றார் அம்மா.

"அம்மா, தப்பு அவமேல இல்லை. நான்தான் குறுக்குப் பாதையில போயிட்டேன்."

"ஏன்டா போனே?"

"நேரத்துக்குச் சாப்பிடலேன்னா உனக்குத் தலைவலி வருமே. நீ முன்னால அவகூடப் போயிட்டேன்னு நினைச்சேன். நேரா சமையக்கட்டுக்கே போய்ச் சூடா எடுத்து வைக்கச் சொல்லலாம்னு..."

"அம்மாவுக்குச் சூடா சோறு போட, அம்மாவையே தெருவுல விட்டுட்டுப் போன பிள்ளை உலகத்துலேயே நீ ஒருத்தன்தான்டா!" அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ போனதை நான் பார்த்தேன். நான் நின்ன இடத்துலேர்ந்து வயல் முழுக்கத் தெரிஞ்சுது. நான் வாங்கிக் குடுத்த சிவப்புத் தொப்பி. கத்தினேன். உனக்கு எங்கே கேக்கும்?"

பெல்லக்கா திகைத்தாள். "பார்த்தீங்களா? வால் போயிடுச்சுன்னு தெரிஞ்சும் ஏன் நின்னீங்க? பின்னாலேயே இறங்கி வந்திருக்கலாமே?"

அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அதைத்தான் ரெண்டு நாளா யோசிக்கறேன். என் புருஷன் சொல்லி நான் ஒரு இடத்துல நின்னதில்லை. ஆலையில முதலாளி சொல்லி நின்னதில்லை. நீ நில்லுன்னே, நின்னேன். நில்லுன்னு சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. திரும்பி வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்கன்னு நம்பி நிக்கறதுக்கு எத்தனை பேர் இருக்காங்க? மழை கொட்டினப்பகூட, இவ வருவான்னுதான் தோணிச்சு. வந்தே. சைக்கிளைத் தூக்கி எறிஞ்சுட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அப்படி அழுதியே... என் பிள்ளைகூட எனக்காக அப்படி அழுததில்லை."

"நான் வேணா இப்போ அழட்டுமா?" என்றான் வால்.

"நீ வாயை மூடு. உனக்கு வேற தண்டனை இருக்கு. அடுத்த பயணத்துல வால் நான். நீ நடுவுல, பெரியவங்க கண்ணுல படற மாதிரி வா."

"அப்போ... அத்தைன்னு கூப்பிடலாமா?" என்று கேட்டாள் பெல்லக்கா. கண்ணீர் தாடையில் வந்து நின்றது.

"இத்தனை நேரம் என்னன்னு கூப்பிட்டே?"

அத்தை எழுந்தார். பெல்லக்கா வழியனுப்ப வாசலுக்கு ஓடினாள். அத்தை சட்டென்று திரும்பி, வலிக்கும் கையையே உயர்த்தினார்.

"நில்லு! உன் மாமனாரைக் கூட்டிக்கிட்டு வரேன், கல்யாணம் பேச. நான் வந்து கூப்பிடற வரைக்கும் இடி விழுந்தாலும் நகரக்கூடாது."

கதவை அவரே வெளியிலிருந்து சாத்தினார். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது.

"உட்காரேன்" என்றான் வால், பவுடரைத் துடைத்துக்கொண்டே. "அவங்க வர நேரமாகும்."

சாத்திய கதவைப் பார்த்தபடி பெல்லக்கா தலையசைத்தாள். நகரவில்லை.