கடைசிப் பத்து நிமிடம்

எங்கள் பக்கத்துக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்துக்கு நான் சில வருடங்கள் செயலாளராக இருந்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகர்கோவிலில் ஒரு ஹோட்டல் ஹாலில் கூடுவோம். வெளியூரிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்து பேசுவார். பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ, பிரியாணி. பொன்னாடைக்கு மட்டும் எங்கள் சங்கத்தில் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

இதற்கு நடுவில் எங்களுக்கென்று ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. சாப்பாட்டுக்கு முந்தைய பத்து நிமிடத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, தான் தவறவிட்ட ஒரு கேஸைச் சொல்ல வேண்டும். நோயாளியின் பெயரோ ஊரோ வராது, மினிட்ஸில் ஏறாது, யாரும் குறுக்கே பேசக் கூடாது. சொன்னவரைத் தேற்றவும் கூடாது. கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து சாப்பிடப் போவோம். வந்துபோன பெரிய டாக்டர்கள் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடங்களில் கேட்டது எதுவும் மறக்கவில்லை.

நேரம் தாண்டினால் அடிக்க என் மேஜையில் ஒரு பித்தளை மணி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டிய முறை, இராஜாக்கமங்கலம் பக்கம் சின்ன கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெண் டாக்டருடையது. என்னைவிட இளையவர், கூட்டத்தில் வாயே திறக்காதவர். அவரே போன் செய்து பெயர் கொடுத்திருந்தார். விருந்தினரின் பேச்சு நீண்டுகொண்டே போனது. பெரிய மனிதர், அவருக்கு மணியடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருவழியாக முடித்தபோது ஹோட்டல்காரர் வாசலில் நின்று பிரியாணி ஆறுகிறதென்று சைகை காட்டினார். அதற்குள் அந்தப் பெண் டாக்டர் மடித்த தாள் ஒன்றோடு மைக் பக்கம் வந்துவிட்டார். அவருக்கு அடித்தேன் மணியை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். அவர் தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் ஆண்டு விழா வந்தது. அதற்கடுத்த மாதம் இன்னொரு பெரிய மனிதர். நான் மறந்தே போனேன், அவரும் மறுபடி கேட்கவில்லை.

கோடையில் ஒரு நாள் மதியம், கூட்டம் நெரிந்த நேரத்தில், ஐந்து வயதுப் பெண் குழந்தையை என்னிடம் கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கியது, இரண்டு முறை வாந்தி. வீசிங் என்று முடிவு செய்து நெபுலைசர் வைத்தேன். அம்மா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"பிள்ள ரெண்டு வாரமாட்டு தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருக்கு சார். மெலிஞ்சும் போச்சு."

வெயில் காலம் அல்லவா என்றேன். மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் இராஜாக்கமங்கலத்து டாக்டர் போன் செய்தார். நான் மருந்து எழுதி அனுப்பிய குழந்தையை முந்தின நாள் சாயங்காலமே அவரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். பார்த்ததும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்திருக்கிறார். மீட்டரால் எண் காட்ட முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. சர்க்கரை நோய் முற்றி, ரத்தத்தில் அமிலம் கூடியதால் வந்த மூச்சு அது. நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை. ஐசியூவில் சேர்த்தாகிவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்றார். உடனே எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"இதே மாதிரி ஒரு பிள்ளைய நான் வீசிங்னு விட்டுட்டேன் சார். அது பிழைக்கல. அன்னைக்கு அதத்தான் சொல்ல வந்தேன்."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த கூட்டத்தில் கட்டாயம் பேச வேண்டும் என்று கெஞ்சினேன். அன்றைக்கு எழுந்து வருவதற்கே தனக்கு ஒரு வருடம் ஆனது, இனி முடியாது என்றார். பிறகு, "நீங்க சொல்லுங்க சார்," என்று வைத்துவிட்டார்.

பெயர் கொடுத்தேன். ஆனால் அந்தக் கூட்டம், பதவி முடிந்து போகும் எனக்கான பாராட்டுக் கூட்டமாகவும் அமைந்துவிட்டது. ஆளாளுக்கு மைக் பிடித்தார்கள், ஆளாளுக்குப் பொன்னாடை. புதிய செயலாளர் என் காதருகே வந்து, நேரமாகிவிட்டது, அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மூன்றாவது வரிசையிலிருந்து இராஜாக்கமங்கலத்து டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் இருந்த அத்தனை டாக்டர்களும் மறுநாள் காலையில் குழந்தைகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகட்டும் என்றேன். சொன்னதும் மனம் லேசானது. அந்த லேசைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மணியடித்ததையும் விடவில்லை. அவர் அன்று வரவில்லை. வழக்கப்படி யாரும் எதுவும் கேட்காமல் சாப்பிட எழுந்தார்கள். மணவாளக்குறிச்சியில் பிராக்டீஸ் செய்யும் ஒரு டாக்டர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் பக்கத்தில் போனபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போன மாசமே சொல்லியிருக்கக் கூடாதா சார்?"