கலாதேவி எடுத்த பால்குடம்

போன வருஷத் திருவிழாவில் கலாதேவிக்கு வலிப்பு வந்தபோது ஊரே அவளைச் சாமியாக்கிவிட்டது. மலேசியாவில், ஈப்போவை அடுத்த செமோர் பக்கம் இருந்த ரப்பர் தோட்டம் போய் வீடமைப்பு வந்துவிட்டாலும், தோட்டத்து மாரியம்மன் மட்டும் இடம் மாறவில்லை. பால்குட ஊர்வலத்தில் உறுமி முழங்க, இவள் விழுந்து துடிக்க, அருள் வந்துவிட்டதென்று கும்பல் சூழ்ந்துகொண்டது. "தாயே, என் மவனுக்கு எப்ப கல்யாணம் ஆகும்?" என்று ஒருத்தி காலைப் பிடித்துக் குறி கேட்டாள்.

வாக்கு வராமல் வாயில் நுரை வந்த பிறகுதான் சங்கதி புரிந்தது. உடனே எல்லாரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். பக்கத்து வீட்டு இருளாயி அக்கா தன் வீட்டுச் சாவிக்கொத்தை இவள் கையில் திணித்தாள். இன்னொருவர் வாயில் கரண்டியை விட்டார். நோய் ஒரு பல்லையும் தொடவில்லை. அன்பு மிகுந்த அந்தக் கரண்டிதான் முன்பல்லைப் பாதியாக்கியது.

பன்னிரண்டு வயதில் வந்த வலிப்பு, நாற்பது தாண்டியும் விட்டபாடில்லை. மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, ஈப்போவில் ரவிக்கை தைக்கும் கடைக்கு வேலைக்குப் போகிறவள் அவள். "இது ஒட்டுமா?" என்று கேட்காத ஆளில்லை. ஒட்டாது, சாபமில்லை, மூளையில் சில நிமிஷம் வரும் தடுமாற்றம் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். உடைந்த பல்லைக் கண்ணாடியில் பார்த்த அன்று அவளுக்கே வெறுத்துப்போனது.

இந்த வருஷமும் பால்குடம் எடுக்கக் கேட்டபோது கோயில் தலைவர் சதாசிவம் கையை விரித்தார். "ரோட்டுல பால் கொட்டுனா அபசகுனம்னு சனங்க பேசுது. பேசாம பந்தல்ல உக்காந்து கும்புடு லா, தங்கச்சி."

"மாரியம்மாவுக்கு வேண்டிக்கிட்டது நான், அண்ணே. நான்தானே நடக்கணும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, நட. மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா இதான் கடைசி."

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பாள். கலாதேவி நேரே இருளாயி வீட்டுக்குப் போய், பாயை விரித்துத் தானே படுத்துக்கொண்டாள். "நான் விழுந்துட்டேன்னு வச்சுக்கங்க அக்கா. என்ன செய்வீங்க?"

"சாவிதான். இரும்பு பட்டா நின்னுரும். போன வருஷம் நிக்கல?"

கலாதேவிக்குக் கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டாள். "வைக்காட்டியும் நின்னுரும் அக்கா. தானா நிக்கிறதுக்கு சாவிக்கு ஏன் பேரு?"

இருளாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் பாடம் நடந்தது: தலைக்கடியில் துணி வை, ஒருக்களித்துப் படுக்க வை, கைகாலை அமுக்காதே, வாயில் எதையும் விடாதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இருளாயி மறந்துபோய்த் திரும்பக் கேட்டாள். இவளும் திரும்பப் படுத்தாள். அடுத்த வாரங்களில் அந்தப் பாய் வீடு வீடாகப் போனது. சதாசிவம் வீட்டுக் கூடத்திலும் விரிந்தது.

திருவிழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கோயில் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், உறுமிச் சத்தம் திடீரென்று எங்கோ தூரத்துக்குப் போனது. ஐயோ, இன்றைக்கா என்று நினைத்தாள். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் திறந்தபோது நிழலில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைக்கடியில் மடித்த துண்டு இருந்தது. மணிக்கட்டில் யாரும் அமுக்கிய வலியில்லை, வாயில் ரத்தமில்லை. "மூணு நிமிஷங்கூட ஆவல. மெதுவா எந்திரி," என்றாள் பக்கத்தில் இருந்த இருளாயி.

ஆனால் நனைந்த சேலையில் பால்வாடை அடித்தது. கொட்டிவிட்டது. இனி ஒருநாளும் குடம் எடுக்க முடியாது என்று நினைத்ததும் கலாதேவிக்கு அழுகை முட்டியது. சதாசிவம் குனிந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"மன்னிச்சுருங்க அண்ணே. நீங்கல்லாம் போங்க. எனக்காக நிக்காதீங்க."

"எங்க போறது? அங்க பாரு லா."

திரும்பிப் பார்த்தாள். உறுமி ஓய்ந்திருந்தது. சாலையோரம் நெடுக மஞ்சள் சேலைப் பெண்கள் பால்குடங்களை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய குடம் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருத்தியும் தன் குடத்திலிருந்து அதில் கொஞ்சம் பால் ஊற்றினாள். குறி கேட்டவளும் ஊற்றினாள்.

"கடைசின்னு நான் சொன்னத மறந்துரு," என்றார் சதாசிவம். "நீ தேறுனதும் போலாம். சாமி எங்கயும் ஓடிறாது."