நாற்பத்தொன்றாம் குறுக்குவெட்டில் ஒரு சுவர்

அலுவலகத்தில் அவளுக்கு நிபந்தனை அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பத்தொன்பது வருடமாகச் சாலைகளைக் கணினியில் வரைகிறவள். உயரத்தில் போகும் சாலைக்கு இருபுறமும் மண் சரிவு வேண்டும், ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம். சரிவின் அடி அடுத்தவர் நிலத்துக்குள் இறங்கினால் அங்கே சரிவை விட்டுவிட்டு மண்ணைத் தடுத்து நிறுத்தத் தாங்குசுவர் எழுப்ப வேண்டும். மற்றவர்கள் இதை இடம் இடமாகப் பார்த்துக் கையால் மாற்றி மாய்வார்கள். இவள் மென்பொருளிடமே சொல்லி வைத்துவிடுவாள்: எல்லைக்கோட்டைத் தாண்டினால் சுவர், தாண்டாவிட்டால் சரிவு. அப்புறம் இப்போது வரையும் ஏழு கிலோமீட்டர் சாலைக்கும் அதுவே பார்த்துப் போட்டுக்கொண்டு போகும்.

வீட்டிலும் இதே பேச்சுதான். "மழை வந்தா துணிய உள்ள போடுங்க, வரலேன்னா மாடியிலயே கிடக்கட்டும், தூறல்னா எனக்கு போன் பண்ணுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். "தூறலா மழையான்னு தெரியலேன்னா?" என்று அந்த மனுஷர் விடாமல் கேட்பார்.

பக்கத்து மேசைக்காரன் பாலங்கள் வரைகிறவன். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு வயது இளையவன் என்பதால் அவன் அக்கா என்பான், இவளும் வாய் நிறையத் தம்பி என்பாள். பத்தொன்பது வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டே சிரித்துச் சொன்னாள்: "இந்த ரோடு என் தங்கச்சி வீட்டுப் பின்னாலதான் தம்பி போகுது. நான் ஒண்ணுமே செய்யல, நிபந்தனை தானா அங்க ஒரு சுவரப் போட்டுக் குடுத்துடுச்சு."

"உங்க தங்கச்சிக்கு யோகம்தான்க்கா" என்று அவனும் சிரித்தான்.

அடுத்த மாதம் கணவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. ஐந்து நாள் விடுப்பு. "மாமாவைப் பாருங்கக்கா, உங்க ஃபைலை நான் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துத்தான் கொண்டான், படுபாவி.

அவள் திரும்பி வந்து மூன்று வாரம் கழித்துத் தங்கை போன் செய்தாள். "அக்கா, ரோடு அளக்கறவங்க வந்து அடுப்படிச் சுவத்துல சிவப்பு பெயின்ட்டால கோடு போட்டிருக்காங்க. அதுக்கு அந்தப் பக்கம் பூரா இடிக்கணுமாம். சுவர் வரும், வீட்டத் தொடாதுன்னு நீதானே சொன்ன? வடிவமைச்சவங்கன்னு உன் பேரத்தான் காட்டுறாங்க."

போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தாள். சாலையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படங்கள், குறுக்குவெட்டு ஒவ்வொன்றும் இருபது மீட்டர் இடைவெளியில். நாற்பது சரியாக இருந்தது. நாற்பத்தொன்றில் சாலை நான்கு மீட்டர் உயரம். சரிவு எட்டு மீட்டருக்கு விரிய வேண்டும், தங்கையின் எல்லை ஐந்தாவது மீட்டரிலேயே இருக்கிறது. அங்கேதான் சுவர் நின்றிருந்தது. இப்போது மண் சாவகாசமாக மூன்று மீட்டர் உள்ளே போய் அடுப்படியில் கால் நீட்டியிருந்தது. அவள் நிபந்தனையை யாரும் தொடவில்லை. எல்லைக்கோட்டில் அந்த வீட்டு அளவுக்கு மட்டும் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தார்கள். கோடு இல்லாத இடத்தில் தாண்டுவது என்பதே இல்லை. அதனால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் சரிவைப் போட்டுவிட்டது. கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் பக்கத்து மேசைக்காரனின் பெயர்.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. கைதவறி நடந்திருக்கும் என்றுதான் அந்தப் பைத்தியக்கார மனசு நினைத்தது. பக்கத்து மேசைக்குத் திரும்பி அவனிடமே கேட்டாள்.

"சுவர் நீளத்தக் குறைக்கச் சொன்னாங்கக்கா" என்றான் அவன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"பதினோரு வீட்டுக்குச் சுவர் வந்திருக்கு தம்பி. வெட்டறதுக்கு என் தங்கச்சி வீடுதான் கிடைச்சுதா?"

"மேனேஜரக் கேளுங்கக்கா" என்றான். பதில் மேலாளரின் அறையில் கிடைத்தது.

"அது உங்க தங்கச்சி வீடாமே மேடம். வேணும்னே சுவர் போட்டிருக்கீங்கன்னு உங்க பக்கத்து மேசைக்காரர்தான் சொன்னார். பேச்சு வெளிய போறதுக்கு முன்னாடி அந்தச் சுவர நானே எடுக்கச் சொல்லிட்டேன்."

நம்பிக்கையாய்ச் சொன்ன ஒரு வார்த்தையைக் கொண்டுபோய் இங்கே விற்றிருக்கிறான். பிரிவுத் தலைவர் நாற்காலி அடுத்த வாரம் காலியாவது ஊருக்கே தெரிந்த விஷயம்; அதற்கு வரிசையில் இருந்தது இவர்கள் இருவரும்தான். அவள் மேலாளரின் கணினியிலேயே கோப்பைத் திறந்து, வெட்டிய துண்டை ஒட்டி, மென்பொருளை மறுபடி ஓட்டினாள். சுவர் அதே இடத்தில் வந்து நின்றது. மற்ற பத்து வீட்டுக்கும் எந்தக் கணக்கோ அதே கணக்கு.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிதான். ஆனா படம் ரோடு போடறவங்க கைக்குப் போயாச்சே. திருத்தணும்னா பிழைன்னு ஒத்துக்கிட்டு யாராவது எழுதித் தரணும். படத்துல இருக்கறது உங்க பேரு."

"வெட்டினவர் எழுதட்டும்."

"அவர் பொறுப்புக்கு வர்ற நேரம் மேடம். இப்பப் போய் அவர் பேர்ல ஒரு பிழை வேண்டாமே."

எழுதினால் பத்தொன்பது வருடப் பெயர் போகும். எழுதாவிட்டால் தங்கையின் அடுப்படி போகும். இப்படி ஒரு நிபந்தனையை அவள் யாருக்கும் போட்டதில்லை. காகிதத்தை வாங்கி, நின்றபடியே எழுதினாள்: என் கவனக்குறைவால் எல்லைக்கோடு விடுபட்டுவிட்டது. அடியில் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் நீட்டினாள்.

மதியம் அவன் டப்பாவைத் திறந்துகொண்டு நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்தான். "மனசுல வச்சுக்காதீங்கக்கா. அதான் சுவர் வந்துடுச்சில்ல."

"நீங்க சாப்பிடுங்க சார்" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவனை அவள் சார் என்று சொன்னது அன்றுதான் முதல் முறை. அவன் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

திருத்தக் கடிதத்தின் நகல் வீட்டுக்காரர்களுக்கும் போகும். பத்தாம் நாள் தங்கை கூப்பிட்டாள். சிவப்புக் கோட்டை அழித்துவிட்டார்கள், அடுப்படி தப்பித்தது என்று மூச்சு விடாமல் சொன்னாள். அப்புறம் காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, லெட்டர்ல உன் கவனக்குறைவுன்னு போட்டிருக்கு. அப்போ அது நீ பண்ணதுதானா?"

பக்கத்து மேசை காலியாக இருந்தது. அவன் உள்ளே பிரிவுத் தலைவரின் பெரிய அறைக்கு மாறிவிட்டிருந்தான்.

"சுவர் வந்துடுச்சில்ல. விடு" என்றாள்.