புண்ணைக் கழுவாமல் நின்றவள்

என் அக்கா எந்த நாயையும் கொல்லச் சொன்னதில்லை. முதலில் இது. மற்றதெல்லாம் பிறகு.

பல வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன். டீக்கடையில் உட்கார்ந்தால், "நாயைக் கோர்ட்டுக்கு இழுத்துக் கொன்னாளே, அவ தம்பி" என்று முதுகுக்குப் பின்னால் யாராவது சொல்வான். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் கிளாஸுக்குள் முகத்தை விட்டிருப்பார்கள். ஒருத்தன் என் பட்டறைக்கே வந்து ஜன்னல் கம்பிக்கு அளவு கொடுத்துக்கொண்டே கேட்டான்: "உங்கக்காவுக்கு நாய்னாலே ஆகாதாமே?" அவன் வீட்டு ஜன்னல் இன்னும் கம்பி இல்லாமல்தான் கிடக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நாள் குறைவு. வெல்டிங் வைக்கிற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். இருந்தாலும் நடந்ததை எழுதி வைக்க வேறு ஆள் இல்லை.

அக்காவுக்குச் செம்மறி ஆடுகள்தான் பிழைப்பு. மாமா லாரியில் ஏறிவிட்டால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆடுகள் முழுக்க அவள் பொறுப்பு. வீட்டின் பின்கதவைத் திறந்தால் பட்டி, பட்டியைத் தாண்டினால் புல் நிலம். அடுப்படி அலமாரியில் டம்ளர்களுக்குப் பக்கத்திலேயே குளம்பு வெட்டும் கத்தியும் பூச்சி மருந்தும் தாயில்லாக் குட்டிகளுக்கான பால் புட்டியும் இருக்கும்.

"இந்த வீட்டுல எனக்குத்தான் யாரும் புட்டியில ஊட்டுறதில்ல" என்பார் மாமா.

"நீங்கதான் வெளியிலயே புட்டியைக் காலி பண்ணிட்டு வர்றீங்களே, அப்புறம் என்ன?" என்பாள் அக்கா.

மந்தைக்கு முன்னால் போகிற கிழட்டு ஆட்டுக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். தீவனத் தொட்டியில் மற்ற ஆடுகளை முட்டித் தள்ளி வயிறு முட்டத் தின்றுவிட்டு, தனக்குப் போதவில்லை என்று அதுதான் முதலில் கத்தும். மாமாவின் அம்மா உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில்தான் கூப்பிட்டாள்.

புல் நிலத்துக்கு அந்தப் பக்கம் புது வீடுகள் வந்தன. நிலத்தின் ஓரமாக ஒரு பாதை, யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அந்த வீடுகளில் ஒன்றில் இருந்தவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் நாய் கன்றுக்குட்டி உயரம், பெயர் பாப்பா. நடக்க வரும்போது சங்கிலியை அவர் தன் கழுத்தில் மாலையாகப் போட்டிருப்பார். பாப்பா முன்னால் பறக்கும்.

"பிடிச்சுக்கிட்டு வாங்க சார், ஆடுங்க மிரளுது" என்று அக்கா சொல்லாத நாளில்லை.

"பாப்பா ஒண்ணும் பண்ணாதும்மா, அது விளையாடுது" என்பார் அவர்.

ஒருநாள் விடிந்தபோது ஆடுகள் வேலி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்திருந்தன. சிலவற்றின் தொடையில் பல் பதிந்திருந்தது. அக்கா எப்போதும் செய்வதைச் செய்தாள். புண்ணைச் சுற்றி மயிரை வெட்டினாள், உப்புத் தண்ணீரில் கழுவினாள், மருந்து பூசினாள். செத்தவற்றைக் குழி தோண்டிப் புதைத்துச் சுண்ணாம்பு போட்டாள். கைகால் கழுவிக்கொண்டு அதற்குப் பிறகுதான் போலீஸுக்குப் போனாள்.

வந்து பார்த்த போலீஸ்காரம்மா நல்ல மாதிரி. "புதுச் சட்டம் வந்திருக்குக்கா. நாய் கடிக்கணும்னுகூட இல்ல, ஆட்டைத் துரத்தினாலே வளர்த்தவர் மேல குத்தம். முன்ன மாதிரி கண்ணால பாத்த சாட்சியும் வேணாம். புண்ணுல ஒட்டியிருக்கிற எச்சிலை எடுத்து, நாயோட எச்சிலோட ஒத்துப் பாத்தா போதும்" என்றார். பிறகு ஆட்டின் தொடையைப் பார்த்தார். தேய்த்து வைத்த பாத்திரம்போல் சுத்தமாக இருந்தது.

"யாருக்கா இதைக் கழுவச் சொன்னது?"

"புண்ணைக் கழுவ ஒருத்தர் வந்து சொல்லணுமாம்மா?" என்றாள் அக்கா.

ஆடு வளர்க்கிற யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அதனாலேயே கேஸ் நிற்கவில்லை. பேங்க்காரர், "ஊர்ல வேற நாயே இல்லையா? நரியாக்கூட இருக்கலாம்" என்றார். கொஞ்ச நாளில், பல்லே படாத சினை ஆடுகளுக்கும் ஒவ்வொன்றாகக் கரு கலைந்தது. ஓடிய ஓட்டமும் பயமும்தான் காரணம் என்று மாட்டு டாக்டரம்மா சொன்னார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "கறியில மருந்து வச்சு வீசிடறேன்க்கா. நாளைக்குக் கதை முடிஞ்சிடும்" என்றேன்.

அக்கா தொட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பம் பறந்து வந்து என் முழங்காலில் விழுந்தது.

"அது நாய்டா, ஓடுறதைப் பாத்தா துரத்தத்தான் செய்யும். சங்கிலியைத் தன் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறவர் மனுஷன்தானே? அவரைத்தான் கேக்கணும். சட்டம் இருக்கில்ல?"

"சட்டம்தான் வந்து, புண்ணு எங்கன்னு கேட்டுச்சே."

"அடுத்த தடவ காட்டுறேன்."

அவ்வளவுதான் பேச்சு. 'நாயைச் சங்கிலியில் பிடித்து வரவும்' என்று ஒரு இரும்புப் பலகை செய்து தரச் சொன்னாள். பாதையோரம் நட்டேன். யாரோ வளைத்துவிட்டார்கள். நிமிர்த்தினேன். மறுபடி வளைத்தார்கள். தண்டவாளத் துண்டு ஒன்றை வெட்டி நட்டு, பலகையை அதில் வெல்டிங் வைத்தேன். அதை வளைக்கிறவன் வரட்டும், அவனுக்குப் பட்டறையில் வேலை கொடுக்கலாம் என்று மாமா சொன்னார்.

அடுத்த தடவை பட்டப்பகலில் வந்தது. தீவனச் சட்டியைத் தட்டிக் கத்தி அக்காவே நாயை விரட்டியிருக்கிறாள். நான் போனபோது மாமியாரின் தொடைச் சதை கிழிந்து தொங்கியது. புண்ணுக்கு மேலே ஒரு கட்டு மட்டும் போட்டிருந்தாள். நான் பழக்க தோஷத்தில் வாளியில் தண்ணீர் மொண்டு ஓடினேன்.

"வைடா கீழ! ஒரு சொட்டு பட்டுச்சுன்னா கொன்னுருவேன்."

"ஈ மொய்க்குதுக்கா."

"தெரியுது. எட்டி நில்லு. போலீஸுக்கும் டாக்டரம்மாவுக்கும் போன் பண்ணியாச்சு."

துண்டு புண்ணில் படாமல் ஈயை விசிறினாள். ஈ ஓய்ந்தால் கைகளை அக்குளில் இடுக்கிக்கொள்வாள். விட்டால் அந்தக் கைகள் தாமாகவே போய்ப் புண்ணைத் துடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆடு தலையை அவள் முழங்காலில் வைத்து முனகியது. "கொஞ்சம் பொறு கிழவி, கொஞ்சம் பொறு" என்றாள். அழவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பேங்க்காரர் பாதையில் வந்தார். கழுத்தில் சங்கிலி.

"பாப்பா இந்தப் பக்கம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு சார். அதோட எச்சில் இங்கதான் இருக்கு. போலீஸ் வர்றவரைக்கும் பத்திரமாப் பாத்துக்கறேன்."

மனிதர் சங்கிலியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா பஞ்சுக் குச்சியால் புண்ணைத் தொட்டு எடுத்துக் குப்பியில் போட்டு மூடியதுதான் தாமதம், அக்கா வாளியை இழுத்தாள். கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். ஆனாலும் புண் சீழ் வைத்தது. சில நாளில் மாமியார் செத்துப்போனது. "உடனே கழுவியிருந்தாலும் பிழைச்சிருக்காது, ஆழமான கடி" என்றார் டாக்டரம்மா. "சரிங்க டாக்டர்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு எந்த ஆட்டுக்கும் அவள் பெயர் வைக்கவில்லை.

எச்சில் ஒத்துப்போனது. இந்தத் தடவை கேஸ் நின்றது. கோர்ட்டில் சின்ன அறை, பெஞ்சில் நாங்கள், எதிர் பெஞ்சில் பேங்க்காரர். நீதிபதி அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "சட்டப்படி இந்த நாயைக் கொல்லவும் உத்தரவு போடலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

பேங்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவை இடித்தேன், 'சரி' என்று சொல்லட்டும் என்று. இதை மறைக்கப் போவதில்லை.

"வேணாங்கய்யா" என்றாள். "இதைக் கொன்னா வேற ஒண்ணு வாங்குவாரு. அதையும் அவுத்துத்தான் விடுவாரு. வீட்டு கேட்டைச் சாத்தச் சொல்லுங்க. சங்கிலியை நாய் கழுத்துல மாட்டச் சொல்லுங்க."

அறையே சிரித்தது. உத்தரவும் அப்படியே வந்தது, ஆடுகளுக்கு நஷ்ட ஈட்டோடு. அதற்குப் பிறகு பாதையில் ஒரு நாய்கூடச் சங்கிலி இல்லாமல் வந்ததில்லை. சுற்றுவட்டாரத்தில் ஆடு வளர்க்கிறவர்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பாடம்தான்: "முதல்ல போன் பண்ணு. கையைக் கட்டிக்கோ. அப்புறம் கழுவு."

மறுவருஷம் பாப்பா வயசாகி, சிறுநீரகம் கெட்டு, பேங்க்காரர் வீட்டுப் பாயிலேயே செத்தது. ஊருக்கு அது போதவில்லை. கோர்ட்டில் கேஸ் நடந்ததும் நாய் செத்ததும் ஒரே கதையாகிவிட்டது. அவராவது வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பட்டிச் சத்தம் கேட்க வேண்டும் என்று பின்கதவுப் பக்கத்து அறையில் கட்டிலைப் போடச் சொன்னாள். அந்த நேரம்தான் பேங்க்காரர் என் பட்டறைக்கு வந்தார். புதுசாக ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார், கேட் கீல் விட்டுச் சாய்ந்துவிட்டது, வந்து பார்க்க முடியுமா என்றார். "வேற பட்டறை பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். மாமா இதைப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டார். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள்.

"மாட்டேன்னியாமே?"

"ஆமா. உன்னைக் கொலைகாரின்னு ஊரு பேசுது. அந்தாளு ஒரு தடவையாச்சும் இல்லேன்னு சொன்னாராக்கா?"

"சொல்லல." மூச்சு வாங்கியது. காத்திருந்தேன். "ஊர் வாய்க்கு உன்னால பூட்டு பண்ண முடியாது. கேட்டுக்குப் பண்ணலாமில்ல? குட்டி வளருது. சினை ஆடுங்க வெளிய மேயுது."

அவள் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையில் அப்போதும் ஆட்டு வாசனை இருந்தது.

"இன்னிக்கே போ. மேல மட்டும் வச்சுட்டு வந்துராத, கீழயும் ஒரு தாழ்ப்பாள் வை. குட்டி கீழ மூக்கை விட்டுத்தான் தள்ளும்."