புளியமரத்தடியில் எடுத்த வருகைப்பதிவு

மாசியில் ஜவ்வாது மலைக்குப் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் மாசியில் போனது ஒரே ஒருமுறை. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்வி அலுவலக வேலையாக. அது யாருக்கும் வழிகாட்டுமா, தெரியவில்லை. பழைய குறிப்பேட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

மலையூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றில் பிள்ளைகளே இல்லை என்று மேலிடத்துக்குத் தகவல் போயிருந்தது. நான் நேரில் எண்ணி எழுத வேண்டும். இருபதுக்குக் குறைந்தால் எட்டு கிலோமீட்டர் கீழே இருந்த பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

ஆலங்காயத்தில் காலை 6.40க்குப் பேருந்து, கட்டணம் ஒன்றே கால் ரூபாய். 8.15க்கு இறங்கி ஐந்து கிலோமீட்டர் நடை. மெதுவாக நடப்பவன் நான். பத்தே காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் கொண்டுபோகவில்லை, என் முட்டாள்தனம்.

பதிவேட்டில் நாற்பது பெயர். வகுப்பில் ஒன்பது பேர்.

"புளி உலுக்குற நாள்ல வந்துட்டீங்களே சார்," என்றார் வாத்தியார், செங்கத்துக்காரர். "சின்னதுங்கதான் கிளை நுனிக்கு ஏற முடியும். பங்குனி பாதில வாங்க, உட்கார எடம் இருக்காது."

"எனக்கு இன்னைக்குத்தான் தேதி குடுத்திருக்காங்க."

வாசலில் புளிக்கூடையோடு நின்ற ஒரு தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார், புள்ளைங்க ஊரை வுட்டா ஓடிட்டாங்க? மரத்தாண்ட வந்து எண்ணிக்கோங்க. கீழ்ப் பள்ளிக்கூடம்னா எம் பொண்ண அந்தக் காட்டு வழியில அனுப்ப மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

போனோம். வாத்தியார் மரத்தடியில் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டார். இலைகளுக்குள்ளிருந்து "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தது. ஒரே குரல் இரண்டு பெயருக்கு வரவும் கீழே புளி பொறுக்கிய பெண்கள் சிரித்தார்கள். "அடியே, உங்கண்ணனுக்கும் நீயேவா? அவன் அடுத்த மரத்துல கீறான் சார்!"

அண்ணனையும் சேர்த்து இருபத்தொன்பது பேரை மரங்களில் பார்த்தேன். திரும்பும்போது கோபித்த தாயின் மகள் கிளையிலிருந்து கேட்டாள்: "சார், எம் பேரு எழுதிக்கினீங்களா?"

தலையாட்டினேன்.

மாலை 4.10 பேருந்துக்குக் காத்திருந்த டீக்கடையில் படிவத்தைப் பிரித்தேன். 'வகுப்பறையில் உள்ளோர்' என்று ஒரே கட்டம். குறிப்புப் பகுதியில் பென்சிலால் எழுதினேன்: மற்றவர்கள் புளியமரங்களில் நேரில் காணப்பட்டனர். படித்துப் பார்த்தேன். அலுவலகத்தில் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அழித்துவிட்டு, மையால் ஒன்பது என்று போட்டேன்.

ஜூனில் பள்ளியை மூடும் உத்தரவு என் மேசைக்கே வந்தது. உறையில் போட்டு ஒட்டியதும் நான்தான். பிறகு ஒருநாள் வாத்தியாரைச் செங்கத்தில் பார்த்தேன். கீழ்ப் பள்ளியில் சேர்ந்தவர்கள் பதினொரு பேர், ஒருத்தர்கூடப் பெண்பிள்ளை இல்லை என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கேட்ட நண்பருக்கு: மாசியில் தாராளமாகப் போகலாம். பேருந்து நேரம் மாறியிருக்கும், ஆலங்காயத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும், தண்ணீர் அவசியம். இன்னொன்று, புளி உலுக்கும் இடத்தில் குரல் கொடுக்காமல் மரத்தடியில் போகாதீர்கள். மேலே ஆள் இருக்கும்.